கேமரா சென்சாரில் தூசி: வீட்டிலேயே பத்திரமாகச் சுத்தம் செய்வது எப்படி

எந்த லென்ஸ் போட்டாலும் படத்தில் ஒரே இடத்தில் மங்கலான சாம்பல் நிறப் புள்ளி வருகிறதா? வெளிர்ந்த வானத்திலும் வெள்ளைச் சுவரிலும் மட்டும் தெரிந்து, இலை தழை உள்ள படத்தில் காணாமல் போகிறதா? அப்படியென்றால் தூசி உட்கார்ந்திருப்பது லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் படமாக்கும் சென்சாரில்.

பெங்களூரில் வார இறுதிகளில் லால்பாக், கப்பன் பார்க் பக்கம் சேர்ந்து படமெடுக்கப் போகிற நம் தமிழ் நண்பர்கள் கூட்டத்தில் புதிதாக கேமரா வாங்கியவர்கள் பலர் இந்த வேலையில் தடுமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். கை நடுங்கித் தவறு செய்பவர்கள் குறைவு. வரிசை மாறித் தவறு செய்பவர்கள்தான் அதிகம். ஸ்வாப் (சென்சார் துடைக்கும் துணி நுனிக் குச்சி) பெட்டி வீட்டுக்கு வந்ததும் பிரித்து நேராக ஈரத் துடைப்பில் இறங்கிவிடுகிறார்கள். ஈரத் துடைப்பு கடைசிப் படி. அதற்கு முன்னால் உள்ள படிகளை ஒழுங்காகச் செய்தால் பல நேரம் அதுவரை போகவே வேண்டியிருக்காது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சொல்லியிருக்கிறேன்.

1. நீங்கள் தொடப்போவது எதை?

சென்சார் சிப்பை யாரும் தொடுவதில்லை. அதன் முன்னால் மெல்லிய கண்ணாடி அடுக்கு ஒன்று இருக்கிறது, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் அதில்தான் இருக்கிறது. தூசி உட்காருவதும் நீங்கள் துடைப்பதும் இந்தக் கண்ணாடியின் மேல்தான். இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

மீதிப் பயம் இருக்கட்டும், அது தேவை. அந்தக் கண்ணாடிக்கு மேலே பூச்சு உண்டு. ஒரு மணல் துகளை அழுத்தி இழுத்தால் கீறல் விழும், விழுந்தால் கண்ணாடி அடுக்கையே மாற்ற வேண்டும், சில மாடல்களில் சென்சார் பகுதி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். அதனால்தான் ஊதி முடித்து, ஒட்டாத துகள் எல்லாம் போன பிறகே துடைக்க வேண்டும் என்கிறேன். கேமரா கையேடுகளும் பெரும்பாலும் ஊதுவதோடு நிறுத்திக்கொண்டு, அதற்குமேல் சர்வீஸுக்குக் கொடுக்கச் சொல்கின்றன. நீங்கள் துடைத்துக் கீறல் விழுந்தால் வாரண்டி கைகொடுக்காது. இதற்கு மனம் ஒப்பினால் மேலே படியுங்கள்.

2. முதல் வேலை சோதனைப் படம்

கேமராவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சோதனைப் படம் எடுத்தாக வேண்டும். இதைத் தவிர்த்தவர்களுக்குக் கடைசியில் எது பழைய புள்ளி, எது தாங்களே கொண்டுவந்த புது தூசி என்று தெரிவதில்லை.

கேமராவை அப்பர்ச்சர் பிரையாரிட்டியில், அதாவது லென்ஸின் ஒளித் துளையான அப்பர்ச்சரை நீங்களே தீர்மானிக்கும் நிலையில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 16, எக்ஸ்போஷர் பிளஸ் 1. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி இன்ஃபினிட்டிக்குத் திருப்பிவிடுங்கள். லேப்டாப்பில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து திரை முழுக்க வைத்து, ஒரு சாண் தூரத்தில் கேமராவைப் பிடித்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க கேமராவை லேசாக ஆட்டிக்கொண்டே எடுங்கள். ஆட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. திரையில் உள்ள அழுக்கும் பிக்சல் கோடும் அசைவில் கலைந்துவிடும், சென்சாரோடு சேர்ந்தே நகரும் தூசி மட்டும் கலையாமல் நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூர் வானம் பல நாள் ஒரே சாம்பல் போர்வையாக இருக்கும், அந்த நாட்களில் மொட்டை மாடியில் நின்று வானத்தையே எடுத்தாலும் சரி.

ஏன் எஃப் 16? எஃப் எண் கூடக் கூட அப்பர்ச்சர் குறுகும். தூசி சென்சாரின் மேல் நேரடியாக இல்லை, கண்ணாடி அடுக்கின் கனம் அளவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அப்பர்ச்சர் அகலமாக இருந்தால் ஒளி பல கோணங்களில் வந்து விழுவதால் அதன் நிழல் பரவிக் கரைந்துவிடும். அப்பர்ச்சர் குறுகினால் ஒளி ஒரே பக்கமாக வந்து நிழல் அழுத்தமாக விழும். எஃப் 1.8-இல் முகம் மட்டும் எடுப்பவருக்கு வருஷக்கணக்காகப் புள்ளியே தெரியாமல் இருந்து, ஒரு நாள் நந்தி மலையில் சூரிய உதயத்தை எஃப் 16-இல் எடுத்ததும் வானமெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெரிவது இதனால்தான். அன்றைக்கு வந்த தூசி இல்லை அது.

எஃப் 22-இல் சோதிக்காதீர்கள். அங்கே எந்த கேமராவிலும் ஏதாவது ஒரு புள்ளி தெரியும், அதைத் துரத்திக்கொண்டு தேவையில்லாமல் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

படத்தை கேமராவின் சின்னத் திரையில் பார்த்து முடிவு செய்யாமல் கம்ப்யூட்டரில் ஏற்றி, கான்ட்ராஸ்டை ஏற்றி, நூறு சதவீத ஜூமில் மேல் மூலையிலிருந்து வரிசை வரிசையாகப் பாருங்கள். ஓரம் மங்கிய சாம்பல் வட்டம் என்றால் தூசி. வளைந்த மயிர் மாதிரி இருந்தால் துணி நார். நடுவில் வெளுத்து ஓரத்தில் கருத்த வளையம் என்றால் எண்ணெய்த் துளி அல்லது காய்ந்த ஈரம். சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரே ஒரு பிக்சல் மின்னினால் அது ஹாட் பிக்சல், துடைத்துப் போகாது.

இன்னொரு குழப்பம் டிஎஸ்எல்ஆர் (சென்சாருக்கு முன்னால் மிரர் உள்ள கேமரா) வைத்திருப்பவர்களுக்கு வரும். வியூஃபைண்டரில் பார்க்கும்போது ஒரு புள்ளி தெரிகிறது, படத்தில் இல்லை. அந்தத் தூசி வியூஃபைண்டருக்குப் பிம்பம் காட்டும் ஃபோகஸிங் ஸ்கிரீனிலோ மிரரிலோ இருக்கிறது, படத்தைப் பாதிக்காது. அதை ஊதுவதோடு விட்டுவிடுங்கள். மிரரின் பூச்சு அதன் முன்பக்கத்திலேயே இருக்கிறது, ஃபோகஸிங் ஸ்கிரீன் சுலபமாகக் கீறும், இரண்டிலும் துணியோ ஸ்வாபோ படக்கூடாது.

3. படத்தில் உள்ள புள்ளி சென்சாரில் எங்கே?

லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழச்செய்கிறது. கேமராவை நிமிர்த்தி வைத்து, லென்ஸ் கழற்றிய வாயை நீங்கள் நேரே பார்த்தால், மேலும் கீழும் மட்டும்தான் மாறும். படத்தின் இடது மேல் மூலையில் உள்ள புள்ளி உங்களுக்குச் சென்சாரின் இடது கீழ் மூலையில் இருக்கும். இடது வலது மாறாது, ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதால் அது இரண்டு முறை மாறிப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

ஒரு தாளில் செவ்வகம் வரைந்து புள்ளிகளை இந்தக் கணக்குப்படி குறித்துக்கொள்ளுங்கள். ஊதும்போதும் துடைக்கும்போதும் எந்த மூலையைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும்.

4. கையில் இருக்க வேண்டியவை, கிட்டவே வரக்கூடாதவை

ஊதுகிற ரப்பர் புளோயர் பெரிதாக, அடிப்பக்கம் காற்று உள்ளே போக தனி வால்வு உள்ளதாக இருக்கட்டும். வால்வு இல்லாத சின்னது, மூக்கு வழியாகவே காற்றை இழுக்கும், அதாவது ஊதிக் கிளப்பின தூசியையே மறுபடி இழுத்து அடுத்த முறை சென்சார் மேல் துப்பும். புதிதாக வாங்கிய புளோயரை முதலில் வெளியே பல முறை அழுத்தி ஊதிவிடுங்கள், ரப்பருக்குள் பவுடர் இருக்கலாம். மூக்குப் பகுதி இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள், ஓங்கி அழுத்தும்போது கழன்று பாய்ந்தால் போய் இடிக்கும் இடம் சென்சார்.

ஸ்வாப் உங்கள் சென்சார் அளவுக்கு ஏற்றதாக வேண்டும். முழுச் சட்ட (ஃபுல் ஃப்ரேம்) சென்சார் 36 க்கு 24 மி.மீ., அதற்கு 24 மி.மீ. அகல ஸ்வாப். அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார் சோனி, நிக்கான், ஃபியூஜியில் சுமார் 23.5 க்கு 15.6 மி.மீ., கேனானில் 22.3 க்கு 14.9 மி.மீ., இதற்கு 16 மி.மீ. என்று விற்பது. இன்னும் சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 க்கு 13 மி.மீ., அதற்கென்றே தனி அளவு கிடைக்கிறது. அகலம் சென்சாரின் உயரத்துக்குச் சமமாக இருந்தால்தான் ஒரே இழுப்பில் முழுவதும் துடைபடும். சின்ன ஸ்வாபை வைத்து இரண்டு மூன்று தடவையாக இழுத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் கோடு நிற்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒட்டிய உறையில் வருவதையே வாங்குங்கள்.

துடைக்கும் திரவம் சென்சாருக்கென்றே விற்பதாக இருக்கட்டும். மெத்தனால் கலந்தவை சட்டென்று ஆவியாகி எதையும் மிச்சம் விடாது, ஆனால் மெத்தனால் விஷம், தீப்பற்றக்கூடியது. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், விளக்கு எரிகிற பூஜை அலமாரிப் பக்கம் வேண்டாம்.

நல்ல வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் எல்இடி விளக்கு, முழுக்க சார்ஜ் ஆன பேட்டரி. இவ்வளவுதான். விளக்கோடு வரும் சென்சார் லூப் (பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) இருந்தால் வசதி, இல்லாவிட்டாலும் சோதனைப் படம் போதும்.

இனி வரக்கூடாதவை. கேனில் அடைத்த காற்று வேண்டாம், சாய்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் தெறித்துக் கண்ணாடியில் உறைந்து கறையாகும். பஞ்சர் கடைக் காற்று வேண்டவே வேண்டாம், கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் இருக்கும், அழுத்தமும் ஷட்டர் தகட்டை வளைத்துவிடும். கூட்டத்தில் ஒரு தம்பி, "அண்ணா, டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி லேசா தொட்டா போதாதா?" என்று கேட்டான். போதாது, பேப்பர் நார் உதிர்ந்து அதுவே புதுத் தூசியாகும். காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய பனியன் துணி, கண்ணாடிக் கடையில் தரும் லிக்விட், ஜன்னல் துடைக்கும் நீல திரவம், மருந்துக் கடை ஸ்பிரிட், சானிடைசர் இவற்றில் எதுவும் ஆகாது. நார் விடும் அல்லது காய்ந்தபின் படலம் விடும். லென்ஸுக்கு உபயோகிக்கும் பிரஷ்ஷும் பேனாவும் கூட வேண்டாம், லென்ஸில் பட்ட விரல் எண்ணெய் அதில் ஏறியிருக்கும். வாயால் ஊதினால் எச்சில் துளி போகும், ஆறு மாதம் கழித்துக்கூட அதன் வளையம் படத்தில் நிற்கும்.

5. அறையும் நேரமும்

பலரும் அலட்சியமாக விடுவது இதைத்தான். கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் காற்றில் தூசி பறந்தால் ஒரு புள்ளியை எடுத்து நான்கைக் கொண்டுவந்து வைப்பீர்கள்.

மெட்ரோ வேலையோ சாலை வேலையோ நடக்கும் தெருப் பக்கம் வீடு என்றால் அந்தப் பக்க ஜன்னலை முந்தின இரவே சாத்துங்கள். வேலைக்கு அரை மணி முன்னால் தரையை ஈர மாப்பால் துடையுங்கள், பெருக்க வேண்டாம், பெருக்கினால் தூசி மேலே கிளம்பி இறங்க நேரம் பிடிக்கும். மின்விசிறியும் ஏசியும் நிறுத்தியாக வேண்டும். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி ஏற்றிய அறை கூடாது, சமையலறைப் பக்கமும் கூடாது. தாளிப்புப் புகையில் எண்ணெய் இருக்கிறது, புகை எண்ணெய் பட்ட தூசி ஊதினால் போகாது.

குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் தூசி அடங்கிய பிறகு அங்கேயே வேலை செய்யலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தூசி அடங்குவது உண்மை, ஆனால் ஆவி முழுவதும் போய் சுவர் காயும் வரை கேமராவை அங்கே கொண்டுபோகக் கூடாது, இல்லாவிட்டால் கண்ணாடியில் ஈரம் படியும். அந்தத் தொல்லைக்கு மாப் போட்ட படுக்கையறையே மேல். ஆனால் மெத்தையின் மேல் வைத்துச் செய்யாதீர்கள், போர்வை நார் கணக்கில்லாமல் உதிரும். துடைத்த மேஜை வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் காற்று வறண்டிருக்கும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். கம்பளி நார் உதிர்வது ஒன்று, நிலைமின்சாரம் தூசியைப் பிடித்து இழுப்பது இன்னொன்று. சாதாரண பருத்தி அரைக்கைச் சட்டை போதும். கையில் கிரீம் இருக்கக் கூடாது, எண்ணெய் தேய்த்த தலை என்றால் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், குனிந்து பார்க்கும்போது முடி நேராக லென்ஸ் மாட்டும் வாய்க்கு மேல்தான் இருக்கும்.

6. வெளிப்பக்கம் முதலில்

கேமராவைத் திறப்பதற்கு முன் வெளியே சுத்தம் செய்யுங்கள். பட்டன் இடுக்கு, லென்ஸ் சேரும் வளையத்தைச் சுற்றியுள்ள பள்ளம், ஃபிளாஷ் மாட்டும் இடம் எல்லாவற்றையும் ஊதி, லேசாக நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். லென்ஸைக் கழற்றும்போது உள்ளே விழும் தூசியில் நிறைய அந்த வளையத்துப் பள்ளத்திலிருந்தே வருகிறது.

கேமராவின் வாயை மூடும் பாடி கேப்பையும் லென்ஸின் பின்மூடியையும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து ஊதி வையுங்கள். பையின் அடியில் மாதக்கணக்கில் கிடந்த மூடியைச் சுத்தமான சென்சாருக்கு மேல் மாட்டினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

7. கேமராவைச் சுத்தம் செய்யும் நிலைக்குக் கொண்டுவருதல்

முதலில் கேமராவின் சொந்த அதிர்வுச் சுத்தத்தை மெனுவிலிருந்து சில முறை ஓடவிடுங்கள். கண்ணாடி வேகமாக அதிர்ந்து ஒட்டாத தூசியை உதறும். அதன் பிறகு ஒரு சோதனைப் படம். புள்ளி போயிருந்தால் திறக்கவே வேண்டாம்.

டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் மிரரும் ஷட்டரும் இருக்கின்றன, இரண்டும் விலகி நிற்க வேண்டும். நிக்கானில் "லாக் மிரர் அப் ஃபார் கிளீனிங்", கேனானில் சென்சார் கிளீனிங் மெனுவுக்குள் "கிளீன் மேனுவலி". இந்த மெனுவை மட்டுமே பயன்படுத்துங்கள், ஆனால் இப்போதே தூக்க வேண்டாம், எப்போது என்று 8-ஆம் படியில் வரும். படமெடுக்கும்போது அதிர்வைக் குறைக்க மிரரைத் தூக்கி வைக்கும் வசதி ஒன்றும் உண்டு, பெயர் கிட்டத்தட்ட அதேதான், புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது சுமார் 30 விநாடியில் தானே இறங்கிவிடும், அப்போது உள்ளே ஸ்வாப் இருந்தால் ஷட்டர் போச்சு. பல்ப் மோடில் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு துடைப்பதும் அதே ஆபத்துதான், விரல் நழுவினால் ஷட்டர் மூடும்.

பேட்டரி முழுக்க இருக்க வேண்டும் என்று சொன்னதும் இதற்காகத்தான். மிரரைத் தூக்கிப் பிடித்திருப்பது பேட்டரி. பாதியில் தீர்ந்தால் மிரர் உங்கள் ஸ்வாபின் மேல் இறங்கும்.

மிரர்லெஸில் பெரும்பாலும் ஆஃப் செய்து லென்ஸைக் கழற்றினால் சென்சார் எதிரிலேயே தெரியும். சோனியில் கிளீனிங் மோட் கொடுத்தால் அதிர்ந்துவிட்டு ஆஃப் செய்யச் சொல்லும், அப்படியே செய்யுங்கள். கேனான் ஈஓஎஸ் ஆர் வரிசையில் பல மாடல்கள் ஆஃப் செய்ததும் ஷட்டர் திரையை மூடிக்கொள்ளும். லென்ஸைக் கழற்றியதும் கறுப்புத் தகடுகள் தெரிந்தால் அவை சென்சார் இல்லை, காகிதம் போல மெல்லிய ஷட்டர் தகடுகள், அவற்றை ஊதவும் தொடவும் கூடாது. மெனுவில் கையால் சுத்தம் செய்யும் நிலையைத் தேர்ந்தெடுத்துத் திறந்துகொள்ளுங்கள். நிக்கான் இசட் 8, இசட் 9 இரண்டிலும் ஷட்டர் கிடையாது, அதற்குப் பதில் சென்சார் கவசம் ஒன்று மூடும், அதையும் மெனு வழியாகவே திறக்க வேண்டும்.

உடலுக்குள்ளேயே நடுக்கத்தைக் குறைக்கும் வசதி உள்ள கேமராவில் சென்சார் ஆஃப் நிலையில் லேசாக அசையலாம். அது பழுதில்லை, பதற வேண்டாம். ஆனால் ஊன்றி அழுத்தக் கூடாது.

8. ஊதுதல்

கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். கீழேயிருந்து மேல்நோக்கி ஊதினால்தான் கிளம்பும் தூசி விழுந்து வெளியேறும். மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து மேலிருந்து ஊதினால் கிளம்பிய தூசி சுற்றிவிட்டு மறுபடி உள்ளேயே இறங்கும். அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான்.

டிஎஸ்எல்ஆர் என்றால் மிரரைத் தூக்குவதற்கு முன்னாலேயே உள்ளறையை ஒரு முறை ஊதிவிடுங்கள். சுற்றுச் சுவரில் உள்ள தூசியை முதலில் வெளியேற்றாமல் சென்சாரைத் திறந்தால் அது நேராக அங்கே போய் உட்காரும். அப்புறம் மெனுவில் போய் மிரரைத் தூக்கி, மறுபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, நீங்கள் வரைந்து வைத்த தாளில் புள்ளிகள் உள்ள மூலைகளைப் பார்த்து, அழுத்தமாகப் பத்து முறை ஊதுங்கள்.

புளோயரின் மூக்கு லென்ஸ் மவுண்டின் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. கை தெரியாமல் அசைந்தால் இடிக்கும். ஒவ்வொரு முறை அழுத்திய பிறகும் புளோயரைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக் காற்றை நிரப்புங்கள்.

முடிந்ததும் கேமராவை ஆஃப் செய்து, லென்ஸின் பின்பக்கத்தையும் ஊதி, வாய் கீழே இருக்கும்போதே மாட்டுங்கள்.

9. மறுபடி சோதனைப் படம்

அதே லென்ஸ், அதே எஃப் 16, அதே வெள்ளைத் திரை. முதல் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புள்ளி போயிருந்தால் வேலை முடிந்தது. புள்ளி இடம் மாறியிருந்தால் அந்தத் தூசி ஒட்டவில்லை என்று அர்த்தம், மறுபடி ஊதினால் போகும், ஸ்வாபை எடுக்காதீர்கள். இம்மியும் நகராமல் அதே இடத்தில் இருந்தால்தான் ஒட்டிய தூசி, அதற்குத்தான் அடுத்த படி. ஊதலுக்கு மசியாத ஒன்றிரண்டு புள்ளி ஓரத்தில் மட்டும் இருந்து, நீங்கள் வழக்கமாக எஃப் 8-க்கு மேல் போகாதவர் என்றால் அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

10. ஈரத் துடைப்பு

முதல் முறை செய்கிறவர் ஒரு ஸ்வாபைப் பயிற்சிக்காகச் செலவழியுங்கள். விலை குறைந்த யூவி ஃபில்டர் ஒன்றின் மேல் செய்து பார்த்தால் எத்தனை சொட்டு போதும், திரவம் எவ்வளவு நேரத்தில் காய்கிறது, எவ்வளவு அழுத்தினால் ஸ்வாப் வளைகிறது என்று கைக்குப் பழகிவிடும். ஒரு ஸ்வாப் காசுக்குச் சென்சார் தப்பிக்கிறது.

கையைக் கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகு உறையைக் கிழியுங்கள், முன்னாலேயே கிழித்து வைக்காதீர்கள். ஸ்வாபின் நுனியை எதிலும் தொடவிடாமல், விளிம்பு நெடுக இரண்டு சொட்டு திரவம் விட்டு, சில விநாடி பொறுத்துப் பரவவிடுங்கள். சொட்டு அதிகமானால் சென்சார் ஓரத்தில் தேங்கிக் கோடாகக் காயும், அதைவிட மோசம், ஓரம் வழியாக உள்ளே இறங்கலாம். குறைந்தால் வறண்டு இழுக்கும். முன்பே நனைத்து வரும் ஸ்வாப் என்றால் சொட்டே வேண்டாம்.

கேமராவை மறுபடி 7-ஆம் படியில் சொன்ன சுத்தம் செய்யும் நிலைக்குக் கொண்டுவந்து, சென்சார் தெரிகிறதா என்று பார்த்து, இப்போது மேஜையில் வாய் மேலே பார்க்க வைத்து, தலைவிளக்கை ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்வாபைச் சென்சாரின் இடது ஓரத்தில், கண்ணாடியின் விளிம்புக்குச் சற்று உள்ளே மெதுவாக இறக்கி, போகும் திசையில் கொஞ்சம் சாய்த்து, பேனாவால் நிதானமாக எழுதும் அளவு அழுத்தத்தில் வலது ஓரம் வரை ஒரே இழுப்பாக நிறுத்தாமல் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று விநாடி ஆகலாம். ஓரத்துக்கு வந்ததும் தூக்கி, ஸ்வாபைத் திருப்பி, துடைக்காத மறுபக்கத்தால் வலமிருந்து இடமாக ஒரு முறை.

அவ்வளவுதான், ஸ்வாபைக் குப்பையில் போடுங்கள். புள்ளி இருந்த இடத்தில் முன்னும் பின்னுமாகத் தேய்க்கத் தோன்றும். கூடாது. முதல் இழுப்பில் பிடித்த துகள் இப்போது ஸ்வாபின் துணியில் இருக்கிறது, அதை வைத்துத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதுதான். ஸ்வாப் விலை அதிகம் என்று ஒன்றையே இரண்டு கேமராவுக்கு உபயோகித்து, முதல் கேமராவின் எண்ணெய்யை இரண்டாவதில் பூசிவிட்டவர்களும் உண்டு.

சென்சாரைச் சுற்றியுள்ள கறுப்புச் சட்டத்தை ஸ்வாப் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள மசகு எண்ணெய் ஒட்டினால் அடுத்த இழுப்பில் சென்சார் முழுக்க நீளக் கோடாக வரும்.

ஒரு நிமிடம் காயவிட்டு, ஒரு முறை கவிழ்த்து ஊதி, லென்ஸ் மாட்டிச் சோதனைப் படம். புள்ளி குறைந்து இன்னும் இருந்தால் புது ஸ்வாப், மறுபடி அதே முறை. புள்ளி போய்க் கோடு வந்திருந்தால் திரவம் அதிகம், அடுத்ததில் ஒரே சொட்டு விட்டு, எதிர் ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே உட்காரலில் மூன்று ஸ்வாபுக்கு மேல் போகாதீர்கள். கோபம் வந்த கை அழுத்தும்.

11. எண்ணெய்ப் புள்ளியும் மகரந்தமும்

எண்ணெய்த் துளி ஊதலுக்கு அசையாது, முதல் ஸ்வாபில் சில நேரம் பரவிப் பெரிதாகத் தெரியும். பயப்பட வேண்டாம், இரண்டாவதில் போகும். துடைத்த சில நூறு படங்களுக்குள் அதே பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கேமராவின் உள்ளே இருந்து தெறிக்கிறது. 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் இப்படிப் புள்ளிகள் பலருக்கு வந்து, 2014-இல் நிக்கான் வாரண்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாக ஷட்டரை மாற்றித் தருவதாக அறிவித்தது. உங்கள் மாடலுக்கு அப்படி ஏதும் அறிவிப்பு உண்டா என்று முதலில் தேடிப் பாருங்கள், வீட்டில் துடைத்துத் தீராது.

பெங்களூரில் ஜனவரி முதல் மார்ச் வரை தபேபூயா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்போது எல்லோரும் கேமராவோடு மரத்தடியில் இருப்போம், அங்கேயே நின்று லென்ஸும் மாற்றுவோம். மகரந்தம் பிசுபிசுப்பானது. உட்கார்ந்த அன்றே ஊதினால் போகிற துகள், ஈரக் காற்றில் சில வாரம் இருந்தால் ஒட்டிக்கொண்டு ஸ்வாப் கேட்கும். அந்தப் பருவத்தில் வீட்டுக்கு வந்த அன்று மாலையே ஊதிவிடுவது நல்லது. லால்பாக் மலர்க் கண்காட்சிக்கும், கே.ஆர். மார்க்கெட்டின் பூக்கடைகளுக்கும் இதே கதைதான்.

12. எப்போது நிறுத்திவிட்டு சர்வீஸுக்குப் போக வேண்டும்?

இரண்டு மூன்று ஸ்வாபுக்குப் பிறகும் ஒரு புள்ளி கொஞ்சமும் மாறாமல் இருந்தால் அது கண்ணாடிக்கு அடியில் இருக்கலாம். மெல்லிய நேர்கோடு எந்தத் துடைப்புக்கும் அசையாவிட்டால் கீறலாக இருக்கலாம். வேர்விட்ட மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. கடல் தண்ணீர் தெறித்திருந்தால் வீட்டில் தொடவே கூடாது, உப்புப் படிகம் கீறும். இந்த நான்கிலும் நிறுத்திவிடுங்கள்.

கொடுக்கும்போது சோதனைப் படத்தை அச்செடுத்தோ மொபைலிலோ காட்டி, ஜாப் ஷீட்டில் குறையை எழுதச் சொல்லுங்கள். வாங்கும்போது கவுண்டரிலேயே லென்ஸ் மாட்டி எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கொடுத்ததைவிட அதிகப் புள்ளியோடு திரும்பி வந்த கேமராவும் எங்கள் கூட்டத்தில் உண்டு, வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் பேச்சு எடுபடாது.

13. லென்ஸ் மாற்றும் முறை

ஓடும் ஆட்டோவில், மொட்டை மாடிக் காற்றில், வேலை நடக்கும் சாலை ஓரத்தில் மாற்றாதீர்கள். வேறு வழியில்லை என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, பைக்குள்ளே கையை விட்டு மாற்றுங்கள். கேமரா ஆஃபில் இருக்கட்டும், வாய் கீழே பார்க்கட்டும். மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியை முன்னாலேயே தளர்த்தி வைத்துக்கொண்டால் திறந்திருக்கும் நேரம் சில விநாடிகளோடு முடியும். பையை மாதம் ஒரு முறை காலி செய்து, வீட்டு வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். வேக்குவம் பைக்கு மட்டும், கேமரா பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக எடுத்த சுத்தமான சோதனைப் படத்தைத் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் புதிதாக ஒன்று எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் இருந்த அதே ஓரப் புள்ளிகள் மட்டும் இருந்தால் கேமராவைத் திறக்காதீர்கள். ஏற்கெனவே புள்ளியோடு எடுத்து வைத்த படங்களுக்கும் அந்த ஃபோல்டர் உதவும். எந்தெந்த இடத்தில் புள்ளி என்று அதில் பார்த்துக்கொண்டு, படத் திருத்த மென்பொருளான லைட்ரூமில் ஒரு படத்தில் அழித்த திருத்தத்தை அதே நாளில் எடுத்த மற்ற வானப் படங்களுக்கும் ஒட்டிவிடலாம், ஒட்டிய பிறகு ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.